32, 28, 92, 16: நான்கையும் சரியாகக் கண்டுபிடித்தும் விடை ஏன் தப்பானது?

கேள்வி: அண்ணா, நாங்கள் வியாசர்பாடியில் இருக்கிறோம். பையன் பத்தாம் வகுப்பு. கணக்கில் 96, அறிவியலில் 93 வாங்குகிறவன். போன வாரம் ஒரு வினாடி வினாவுக்குப் போனான். கணக்கும் வேதியியலும் கலந்த சொற்புதிர் என்று ஒரு சுற்று வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றுகூடப் போடவில்லை. நினைவில் வைத்து அவன் எழுதிக் காட்டிய புதிர் இது:

இரண்டின் ஐந்தாம் அடுக்கு முதலில் நிற்கும்.
தன்னை விட்டுவிட்டு மற்றக் காரணிகளைக் கூட்டினால் தானே வரும் ஈரிலக்க எண் அடுத்தது.
மூன்றாவது, கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் எரிபொருள்.
அடியும் அடுக்கும் இடம் மாறினாலும் விடை மாறாத எண் கடைசி.
நால்வரும் வரிசையில் நின்றால், உன்னைப் பற்றி உன் அம்மா ஊரெல்லாம் சொல்வது.

இவன் 32, 28, 92, 16 என்று எழுதி, கூட்டி 168 என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். இதற்கெல்லாம் எப்படித் தயார் செய்வது? தனியாகப் புத்தகம் ஏதாவது வாங்க வேண்டுமா?

பதில்:

பையனைத் திட்டியிருந்தால் முதலில் ஒரு சாரி சொல்லிவிடுங்கள் தங்கச்சி. நான்கு துப்பையும் அவன் சரியாகத்தான் அவிழ்த்திருக்கிறான். 28-ஐப் பிடித்தது எனக்கே ஆச்சரியம். 1, 2, 4, 7, 14 கூட்டினால் 28. இப்படிப்பட்ட எண்ணைச் செவ்விய எண் என்பார்கள். 6-க்கு அடுத்து 28, அதற்கு அடுத்து ஒரே தாவாக 496. ஈரிலக்கத்தில் இது ஒன்றுதான். கடைசித் துப்பு இன்னும் அழகு. இரண்டின் நான்காம் அடுக்கும் 16, நான்கின் இரண்டாம் அடுக்கும் 16. மிகை முழு எண்களில் இப்படி இடம் மாற்றிக்கொள்ளும் வேறு ஜோடியே கிடையாது. பத்தாவது படிக்கிற பையன் இதை மேடையில் நின்று கண்டுபிடித்தான் என்றால் அவனுக்குத் தலையில் சரக்கு இருக்கிறது.

சறுக்கியது மூன்றாவது துப்பில். யுரேனியம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. மற்ற மூன்றும் எண், இது மட்டும் பொருள். ஒட்டவில்லையே என்று யுரேனியத்தையும் இழுத்து, அதன் அணு எண்ணான (தனிம வரிசை அட்டவணையில் அதன் வரிசை எண்) 92 ஆக்கி, மற்ற மூன்றோடு உட்கார வைத்துவிட்டான். நான்கு எண் கையில் இருந்தால் கணக்குப் பையன் என்ன செய்வான்? கூட்டுவான்.

செய்ய வேண்டியது நேர் எதிர். ஒட்டாமல் நிற்கிற அந்த ஒன்றை எண்ணாக்கக் கூடாது. மற்ற மூன்றையும் அதன் பக்கம் இழுக்க வேண்டும். யுரேனியம் ஒரு தனிமம் என்றால், அதன் கூட நிற்பவர்களும் தனிமங்கள்தான். 32 யார்? ஜெர்மானியம். 28 நிக்கல். 92 யுரேனியம். 16 கந்தகம். இப்போது குறியீடுகளை வாய்விட்டுப் படியுங்கள்: ஜி-இ, என்-ஐ, யு, எஸ். ஜீனியஸ்! அம்மா ஊரெல்லாம் சொல்வது.

நான் மணலியில் ஒரு தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருப் படிப்பகத்தில் ஞாயிறு காலை பிள்ளைகளுக்கு இந்த மாதிரிப் புதிர் போடுவதுதான் பொழுதுபோக்கு. அங்கே நான் பார்த்தவரைக்கும், நல்ல மார்க் வாங்குகிற பிள்ளைகள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். எண் கிடைத்ததும் கணக்கு முடிந்தது என்று பேனாவை மூடிவிடுகிறார்கள். இந்த விளையாட்டில் எண் என்பது வெறும் விலாசம். அந்த விலாசத்துக்குப் போய்க் கதவைத் தட்டினால்தான் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியும்.

விலாசம் என்று சும்மா சொல்லவில்லை. நம் ஊரில் இன்னமும் கடிதம், பத்திரிகை எல்லாவற்றிலும் சென்னை-13, சென்னை-21 என்றுதானே எழுதுகிறோம்? பின்கோடின் கடைசி இரண்டு இலக்கம். அதை அப்படியே அணு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். பாரிமுனை (பாரிஸ் என்போமே) 1, ஹைட்ரஜன். எழும்பூர் 8, ஆக்சிஜன். கீழ்ப்பாக்கம் 10, நியான். பெரம்பூர் 11, சோடியம். ராயபுரம் 13, அலுமினியம். திருவொற்றியூர் 19, பொட்டாசியம். வண்ணாரப்பேட்டை 21, ஸ்காண்டியம். உங்கள் வியாசர்பாடி 39, இட்ரியம். எண்ணூர் 57, லாந்தனம். மணலி 68, எர்பியம். தண்டையார்பேட்டை 81, தாலியம்.

இதில் என்னை உட்கார வைத்தது சௌகார்பேட்டை. அதன் எண் 79. தனிம வரிசை அட்டவணையில் 79 யார் தெரியுமா? தங்கம். ஊரிலேயே நகைத் தொழில் அதிகம் நடக்கிற இடம். அதில் ஓடுகிற மின்ட் தெருவுக்குத் தமிழில் பெயரே தங்கசாலைத் தெரு. பின்கோடு போட்ட அதிகாரி யாரும் வேதியியல் பார்த்துப் போட்டிருக்க மாட்டார். தற்செயல்தான். ஆனால் இந்த ஒரு தற்செயலைச் சொல்லிக் கொடுத்தபின் தங்கத்தின் அணு எண்ணை மறந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை. இன்னொன்று: வியாசர்பாடியின் இட்ரியமும் மணலியின் எர்பியமும் பங்காளிகள். இரண்டுக்கும் பெயர் வந்தது ஸ்வீடனில் இட்டர்பி என்கிற ஒரே குட்டிக் கிராமத்திலிருந்து. டெர்பியம், இட்டர்பியம் என்று இன்னும் இரண்டும் அதே ஊர்ப் பெயர்தான். ஒரு ஊர், நான்கு தனிமம்.

பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொண்டு தாங்களே புதிர் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். "ரெண்டு பாரிஸ், ஒரு எழும்பூர், என்ன அங்கிள்?" என்று ஒருத்தன் கேட்டான். 1, 1, 8. ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் ஒன்று. தண்ணீர். கீழ்ப்பாக்கமும் வியாசர்பாடியும் சேர்ந்தால்? நியானின் குறியீடு என்-இ, இட்ரியத்தின் குறியீடு ஒய். சேர்த்து எழுதினால் நெய். ஒருத்தி இன்னும் மேலே போனாள்: "பூந்தமல்லியில் ஏறினான், பெரம்பூரில் இறங்கினான், மறுபடியும் பெரம்பூரிலேயே நின்றான், அவன் கையில் என்ன?" பூந்தமல்லி 56, பேரியம், பி-ஏ. பெரம்பூர் 11, சோடியம், என்-ஏ. இன்னொரு என்-ஏ. பனானா. வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சிரித்தார்கள்.

சரி, எண்ணைப் பார்த்ததும் அது எந்த ஊர் விலாசம் என்று எப்படித் தெரியும்? ஒரே எண்ணுக்குப் பல வீடு உண்டே. இதற்கு நான் சொல்லித் தருவது உச்சவரம்பு. ஆங்கில எழுத்து 26-ஐத் தாண்டாது. உங்கள் பையனின் புதிரில் முதல் எண்ணே 32. அங்கேயே எழுத்து இல்லை என்று முடிவாகிவிட்டது. தனிமம் 118-ஐத் தாண்டாது. தமிழெழுத்து 247. ராசி 12, நட்சத்திரம் 27. குறள் என்றால் 1330 வரை போகலாம். ஆகப் பெரிய எண் எதுவோ அதை முதலில் பாருங்கள். எந்த வீட்டுக்குள் நுழையாது என்று அது சொல்லிவிடும். எல்லா எண்ணும் 26-க்குள் இருந்தால்தான் தலைவலி. எழுத்தாகவும் இருக்கலாம், தனிமமாகவும் இருக்கலாம். இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

இந்தத் தலைவலியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 11-ஐ ஆங்கில எழுத்தாக எடுத்தால் கே. கே என்பது பொட்டாசியத்தின் குறியீடு. அதன் எண் 19. பத்தொன்பதாவது எழுத்து எஸ். எஸ் என்பது கந்தகம், எண் 16. பதினாறாவது எழுத்து பி. பி என்றால் பாஸ்பரஸ், 15. பதினைந்தாவது எழுத்து ஓ. ஓ ஆக்சிஜன், 8. எட்டாவது எழுத்து எச். எச் ஹைட்ரஜன், 1. முதல் எழுத்து ஏ. ஏ என்ற குறியீட்டில் தனிமமே கிடையாது. வண்டி நின்றுவிட்டது. இதையே பின்கோடில் படியுங்கள்: பெரம்பூரில் கிளம்பி, திருவொற்றியூர் போய், அங்கிருந்து ஆலந்தூர், சைதாப்பேட்டை, எழும்பூர் என்று சுற்றி, கடைசியில் பாரிமுனை. டெர்மினஸ், எல்லாரும் இறங்குங்கள்! எந்த டிரைவரும் இப்படி ஒரு ரூட் ஓட்ட மாட்டார். ஆனால் எழுத்தையும் தனிமத்தையும் குழப்பிக்கொண்டால் ஊர் ஊராகச் சுற்ற வேண்டியதுதான் என்பது இதைக் காட்டினால் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கிவிடுகிறது. ஒரே ஒரு இடத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும்: பதினெட்டாவது எழுத்து ஆர், பதினெட்டாவது தனிமம் ஆர்கான்.

அடுத்தது, எண்ணையும் நிறையையும் போட்டுக் குழப்புவது. பொட்டாசியத்தின் அணு எண் 19, அணு நிறை ஏறக்குறைய 39. புதிரில் 39 என்று பார்த்ததும் பொட்டாசியம் என்று எழுதினால், வியாசர்பாடிக்கு வர வேண்டிய கடிதம் திருவொற்றியூருக்குப் போன மாதிரி. புதிர் போடுகிறவர் நிறையைத்தான் சொல்கிறார் என்றால் 'எடை', 'கிராம்', 'மோல்' என்று எங்காவது ஒரு வார்த்தை வைத்திருப்பார். 'ஒரு மோல் தண்ணீர் எத்தனை கிராம்' என்றால் 18. 'கரியமில வாயு' என்றால் 44. அப்படி எதுவும் இல்லையென்றால் அணு எண் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

அறிவியல் உலகமே இந்தக் குழப்பத்தில் கொஞ்ச காலம் இருந்திருக்கிறது. மெண்டெலீவ் 1869-இல் அட்டவணை போட்டபோது எடையை வைத்துத்தான் வரிசைப்படுத்தினார். டெல்லூரியத்தையும் அயோடினையும் எடைப்படி வைத்தால் குணம் ஒத்துப்போகவில்லை. அவர் குணத்தை நம்பி இடத்தை மாற்றி வைத்தார். பின்னால் ஆர்கான் வந்தபோதும் இதே தகராறு: ஆர்கான் எடை 39.95, பொட்டாசியம் 39.10. எடைப்படி பார்த்தால் பொட்டாசியம் முன்னால் வர வேண்டும். 1913-இல் மோஸ்லி என்ற இளைஞர் எக்ஸ் கதிரை வைத்து அளந்து, வரிசையைத் தீர்மானிப்பது எடை இல்லை, அணுக்கருவின் மின்னூட்டம் என்று காட்டினார். அதன் பிறகுதான் அணு எண் என்பது வெறும் வரிசை எண்ணாக இல்லாமல் உண்மையான விலாசமாக ஆனது. அவர் 1915-இல் கல்லிபோலிப் போரில் 27 வயதில் இறந்துபோனார். 27, கோபால்ட். எனக்கு எந்த எண்ணைப் பார்த்தாலும் இப்படித்தான் தோன்றுகிறது, என்ன செய்வது.

கோபால்ட் என்றதும் நான் கட்டியதிலேயே எனக்குப் பிடித்த புதிர் ஞாபகம் வருகிறது. இதில் ஆங்கிலக் குறியீடு வேண்டாம். தனிமத்தின் பெயரைத் தமிழில் எழுதி முதல் எழுத்தை மட்டும் எடுக்க வேண்டும்.

மூன்றின் கனம் முன்னால் நிற்க,
அதன் கனமூலம் அடுத்து நிற்க,
ஈரிலக்கப் பகா எண்களில் ஆகச் சிறியது மூன்றாவது,
இருபத்தோராவது பகா எண் நான்காவது.
நாலும் கூடினால் 114. வாயைத் திறந்தால் மூக்கில் ஏறும்.

முதலாவது 27. அதன் கனமூலம் 3. சிறிய ஈரிலக்கப் பகா எண் 11. நான்காவதுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்: 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29 என்று பத்து; 31, 37, 41, 43, 47, 53, 59, 61, 67, 71 என்று இன்னொரு பத்து; அடுத்தது 73. இந்த 73-ஐத் திருப்பிப் போட்டால் 37. அது பன்னிரண்டாவது பகா எண். 21-ஐத் திருப்பினால் 12. ஏழும் மூன்றும் பெருக்கினால் 21. இப்படி ஒரு எண் கையில் இருக்கும்போது புதிரில் வைக்காமல் எப்படி இருப்பது?

27, 3, 11, 73. கூட்டிப் பாருங்கள், 114. இங்கே கூட்டல் விடைக்கு இல்லை, சரிபார்க்க. இப்போது கதவைத் தட்டுவோம். 27 கோபால்ட், கோ. 3 லித்தியம், லி. 11 சோடியம், சோ. 73 டான்டலம், டா.

கோலி சோடா.

இதைப் போட்ட அன்று படிப்பகத்தில் யாரோ நிஜமாகவே போய் ஆறு பாட்டில் வாங்கி வந்துவிட்டார்கள். ஆகவே பாடம் இன்னும் அரை மணி நேரம் நீண்டது. கோலி ஏன் மேலே ஒட்டிக்கொண்டு நிற்கிறது? உள்ளே அழுத்தத்தில் அடைத்த கரியமில வாயு அதைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு அழுத்திப் பிடித்திருக்கிறது. கட்டையால் ஒரு தட்டு தட்டினால் கோலி இறங்கும், வாயு சீறும். ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. ஒரு பெண் குடித்து முடித்துவிட்டு, "அங்கிள், வேற எந்த வரிசையில வச்சாலும் இது சொல்லா வராதே?" என்றாள். அது நல்ல கேள்வி. வரிசையைப் புதிர் சொல்லாவிட்டால் நான்கு எழுத்தை 24 விதமாக அடுக்கலாம். ஆகவே 'முன்னால்', 'அடுத்து', 'கடைசி' போன்ற வார்த்தைகளை வேகமாகத் தாண்டிப் போகக் கூடாது என்று உங்கள் பையனிடம் சொல்லுங்கள்.

தமிழ்ப் பெயரில் ஒரு சங்கடம் உண்டு, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 29-ஐப் பாடப்புத்தகம் தாமிரம் என்னும், பாட்டி செம்பு என்பாள், காயலாங்கடைக்காரர் காப்பர் என்பார். முதல் எழுத்து தா-வா, செ-வா, கா-வா? சோடியம், லித்தியம் மாதிரி ஒரே பெயர் உள்ளவற்றில் இந்தச் சிக்கல் இல்லை. இரும்பு, ஈயம், வெள்ளி, தங்கம் எல்லாம் பிழைத்துக்கொள்ளும். தாமிரம், கந்தகம் மாதிரி ஆட்களைத் தமிழ்முறைப் புதிரில் நான் சேர்ப்பதே இல்லை.

காயலாங்கடை என்றதும் இன்னொன்று. பித்தளை தனிமம் இல்லை. தாமிரமும் துத்தநாகமும் கலந்தது. வெண்கலம் தாமிரமும் வெள்ளீயமும். 'பித்தளையில் தாமிரத்தின் கூட்டாளி' என்று துப்பு வந்தால் விடை துத்தநாகம், 30. பித்தளைக்கே ஓர் எண் தேடிக்கொண்டிருந்தால் ராத்திரி ஆகிவிடும்.

நான் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் கரும்பலகையில் சி, ஓ என்று இரண்டு ஆங்கில எழுத்தை எழுதி, 'இதன் எண் என்ன' என்று கேட்டேன். என் மனதில் இருந்தது கோபால்ட், 27. அவசரத்தில் இரண்டையும் பெரிய எழுத்தாகவே எழுதிவிட்டேன். ஒன்பதாவது படிக்கிற ஒருத்தி 14 என்றாள். நான் தப்பு என்றேன். அவள் எழுந்து வந்து பலகையைத் தொட்டுக் காட்டினாள்: ரெண்டும் பெரிய எழுத்து, அப்போது அது கார்பனும் ஆக்சிஜனும், ஆறும் எட்டும் 14 தானே? கார்பன் மோனாக்சைடை எழுதிவிட்டுக் கோபால்ட்டைக் கேட்டிருக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடம் உட்கார்ந்தவன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? அந்தப் பெண்ணுக்கு இரண்டு மதிப்பெண் கொடுத்துவிட்டுத்தான் மேலே போனேன்.

அதனால் குறியீட்டில் எங்கே வெட்டுவது என்பது பெரிய விஷயம். உங்கள் புதிரையே எடுத்துக்கொள்ளுங்கள். என்-ஐ என்பதைச் சேர்த்துப் படித்தால் நிக்கல், 28. பிரித்துப் படித்தால் நைட்ரஜன், அயோடின்: 7, 53. ஜீனியஸ் என்பதை 32, 28, 92, 16 என்றும் எழுதலாம். 32, 7, 53, 92, 16 என்றும் எழுதலாம். 'நால்வரும்' என்று புதிரில் சொன்னார்களே, அது அழகுக்காகப் போட்டதில்லை. ஐந்து பேர் வரக் கூடாது என்பதற்கான வேலி.

துப்பு தருவதில் கணக்குப் பக்கம் சுலபம். வர்க்கம், கனம், பகா எண், காரணி, முக்கோண எண் இவ்வளவுதான் பெரும்பாலும். வேதியியல் பக்கம்தான் விதவிதமாக வரும். சாதாரண வெப்பத்தில் திரவமாக இருக்கும் தனிமங்கள் இரண்டு: புரோமின் 35, பாதரசம் 80. தீபாவளி மத்தாப்பின் நிறம் கேட்பார்கள்: சிவப்புக்கு ஸ்டிரான்சியம், பச்சைக்கு பேரியம், மஞ்சளுக்கு சோடியம். பூமியில் கண்டெடுப்பதற்கு முன்னால் சூரிய ஒளியில் தென்பட்டது எது என்று கேட்டால் ஹீலியம். 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தை ஜான்சென் என்ற பிரெஞ்சுக்காரர் குண்டூரில் இருந்து பார்த்தார். ஹீலியத்தின் கதை அந்தக் கிரகணத்தில்தான் தொடங்குகிறது. குண்டூர் அப்போது நம் மதராஸ் மாகாணத்தில்தான் இருந்தது.

குறியீடும் பெயரும் ஒட்டாதவை பதினொன்று இருக்கின்றன. அவற்றை மட்டும் நெட்டுருப் போட்டே ஆக வேண்டும், வேறு வழியில்லை. சோடியம், பொட்டாசியம், இரும்பு, தாமிரம், வெள்ளி, வெள்ளீயம், ஆன்டிமனி, டங்ஸ்டன், தங்கம், பாதரசம், ஈயம். டங்ஸ்டனுக்குக் குறியீடு டபிள்யூ. வுல்ஃப்ராம் என்ற பெயரிலிருந்து வந்தது. மற்றவை பெரும்பாலும் லத்தீன். புதிர் போடுகிறவர்களுக்கு இந்தப் பதினொன்றின் மேல் தனிப் பிரியம், ஏனென்றால் பெயரைப் பார்த்துக் குறியீட்டை ஊகிக்க முடியாது. அப்புறம், ஆங்கில எழுத்தில் ஜே மட்டும் எந்தக் குறியீட்டிலும் வராது. க்யூவும் இப்போது இல்லை. விடையில் ஜே வருகிறது என்று தோன்றினால் தனிமம் என்ற வழியையே விட்டுவிடலாம். (ஜீனியஸ் என்பதில் வருவது ஜி. தமிழில் எழுதினால் இந்த ஏமாற்றம் ஒன்று.)

இதெல்லாம் ஏதோ இங்கிலீஷ்காரன் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். நம்மிடம் எண்ணும் எழுத்தும் ஒரே உருவத்தில் இருந்ததால் இது எப்போதோ வந்துவிட்டது. ஔவையார் பாடியதாகச் சொல்லும் தனிப்பாடலில் 'எட்டேகால் லட்சணமே' என்று ஒரு வசவு வரும். தமிழ் எண்ணில் எட்டுக்கு அ, காலுக்கு வ. எட்டேகால் லட்சணம் என்றால் அவலட்சணம். திட்டுவதையே புதிராகத் திட்டியிருக்கிறார். ஒன்றுக்கு க, இரண்டுக்கு உ, நான்குக்கு ச, ஏழுக்கு எ. இதில் தனிமத்தைக் கோர்த்தால் இன்னொரு தளம் கிடைக்கும். 'ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் வந்தார்கள், ம் கொட்டினால் வீடு' என்று போன மாதம் போட்டேன். 8, 1. அ, க. ம் கொட்டினால் அகம். படிப்பகத்தில் யாரும் போடவில்லை. வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான், தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

பயிற்சிக்குப் புத்தகம் வாங்க வேண்டாம் தங்கச்சி. 118-ஐயும் மனப்பாடம் செய்யச் சொல்லி அவனை வதைக்கவும் வேண்டாம். முதல் முப்பது தனிமம், மேலே சொன்ன பதினொன்றில் மிச்சம், கூட அயோடின், பேரியம், லாந்தனம், ரேடியம், யுரேனியம் மாதிரி சொல்லுக்கு உதவுகிற சில. அதுவே பெரும்பாலான புதிருக்குப் போதும். பகா எண் நூறு வரைக்கும், வர்க்கம் 15 வரைக்கும், கனம் 5 வரைக்கும் தெரிந்தால் சரி.

மற்றபடி தெருவில்தான் பயிற்சி. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. எல்லாரும் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும்போது எங்கள் பிள்ளைகள் கூட்ஸ் வண்டியின் பக்கவாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒவ்வொரு வேகனிலும் பதினோரு இலக்க எண் எழுதியிருக்கும். முதல் இரண்டு வேகனின் வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வேயுடையது, அதற்கடுத்த இரண்டு தயாரான வருடம், பிறகு நான்கு வரிசை எண், கடைசி ஒன்று சரிபார்க்கும் இலக்கம். என் கோலி சோடாவில் 114 செய்த வேலையைத்தான் அந்தக் கடைசி இலக்கம் செய்கிறது. நடுவில் யாராவது தப்பாக எழுதிவிட்டால் காட்டிக்கொடுக்கும். பிள்ளைகளுக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். இரண்டிரண்டு இலக்கமாக வெட்டித் தனிமமாக்கி, எந்த வேகனில் சொல் வருகிறது என்று பந்தயம். பெரும்பாலும் ஒன்றும் வராது. 28-உம் 57-உம் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டால் கத்துவார்கள்: நிக்கல், லாந்தனம். நிலா! இது ஆங்கிலக் குறியீட்டிலும் நிலாதான், தமிழ் முதலெழுத்திலும் நிலாதான். அப்படி இரண்டு வழியிலும் நிற்கிற சொல் அபூர்வம். புலி இன்னொன்று: புளூட்டோனியம் 94, லித்தியம் 3.

இவ்வளவுக்கும் மேலே ஒன்று உண்டு. பையனைப் புதிர் போடச் சொல்லுங்கள், அவிழ்க்க மட்டும் விடாதீர்கள். வாரத்துக்கு ஒன்று போதும். ஒரு சொல்லை எடுத்து, வெட்டி, எண்ணாக்கி, அந்த எண்ணுக்குத் துப்பு எழுதும்போதுதான், எங்கே எதிராளி தடுக்கி விழுவான் என்று தெரியும். தான் எங்கே விழுந்தோம் என்பதும் அப்போது விளங்கிவிடும். முதல் நான்கைந்து புதிரில் என்னை மாதிரியே பெரிய எழுத்து, சின்ன எழுத்துத் தகராறு வரும். வரட்டும்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குப் படிப்பகத்துக்கு அனுப்புங்கள். கேட் மூடியிருந்தால் பத்தரை. வெறுங்கையோடு வர வேண்டாம், இதை அவிழ்த்துக்கொண்டு வரட்டும். தமிழ்முறை, முதலெழுத்து:

ஒன்றிலிருந்து பத்து வரை கூட்டினால் முதல்வன்.
பகா எண் போலவே நடிப்பான், மூன்றிடம் மாட்டிக்கொள்வான். எண்ணூரில் வீடு, அவன் இரண்டாமவன்.
இருவரும் சேர்ந்தால் 112. விடிவதற்குள் காசிமேட்டுக்குப் போனால் ஏலத்தில் எடுக்கலாம். குழம்புக்கும் ஆகும், வறுவலுக்கும் ஆகும்.